எள்ளை விற்பதா, ஆட்டி விற்பதா: எண்ணெய் வளமுள்ள நாட்டுக்கு எந்த வழி?

போன மாசியில் புதுவயல் சாலைச் செக்கில் நாற்பது கிலோ எள்ளைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கருப்பட்டியைத் தட்டிப் போட்டதும் செக்கின் சத்தம் மாறும். கரகரப்பு அடங்கி ஒரு கனத்த முனகல் வரும். கொஞ்ச நேரத்தில் உரலின் ஓரமாக எண்ணெய் கசிந்து மினுங்கும். பத்து கிலோ எள்ளுக்கு நாலு கிலோ எண்ணெய், முன்னேபின்னே. மிச்சமெல்லாம் புண்ணாக்கு.

கூட என் அக்கா மகன் வந்திருந்தான். நைஜீரியாவில் லேகோஸ் பக்கம் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் இன்ஸ்ட்ருமென்ட் வேலை. விடுப்பில் ஊருக்கு வந்தவன்.

“மாமா, அந்த நாட்டுல பூமிக்குள்ள அம்புட்டு கச்சா எண்ணெய் கெடக்கு. நான் போன புதுசுல பெட்ரோலுக்கு விடிய விடிய வரிசையில நின்னாங்க. அவங்களே சுத்திகரிச்சுக்க வேண்டியதுதானே?”

நான் வாயைத் திறப்பதற்குள் செக்குக்காரர் சொல்லிவிட்டார்: “ஆட்டிக்கலாம் தம்பி. எள்ளு யாரு போடுறது, கூலி யாரு குடுக்குறது, புண்ணாக்கு யாருக்கு, இத மொதல்ல பேசிக்கணும்ல.”

முப்பத்திரண்டு வருஷம் ஷட்டவுன் வேலை பார்த்தவன் நான். மணலியில் ஆரம்பித்து வளைகுடா, அப்புறம் ஆப்பிரிக்கா. ஓடுகிற சுத்திகரிப்பு ஆலையை நிறுத்தி, பிரித்து, கழுவி, திரும்பப் பூட்டி ஓட்டிவிடுகிற வேலை. ஆலைக்குள்ளேயே கிடந்த எனக்கு, ஆலைக்கு வெளியே நடக்கிற பேரம்தான் அதை வாழ வைக்கிறது அல்லது சாகடிக்கிறது என்பது புரிய ரொம்ப நாள் ஆனது. செக்குக்காரரின் மூன்று கேள்விகளை வைத்தே இதை எழுதுகிறேன்.

கச்சா எண்ணெய் கிடைக்கும் நாட்டுக்கு முன்னால் உள்ள வழிகள் இவை. கச்சாவை விற்று, பெட்ரோலும் டீசலும் வெளியில் வாங்கிக்கொள்வது. அரசே ஆலை கட்டி நடத்துவது. ஒரு பெரிய தனியார் கையில் விடுவது. சின்னச் சின்ன ஆலைகளாக வைத்துக்கொள்வது. வேறு நாட்டு ஆலையில் பங்கு வாங்குவது. முதல் மூன்றையும் அனுபவித்துப் பார்த்த நாடு நைஜீரியா. அதனால் அதையே நடுவில் வைத்துக்கொள்கிறேன்.

விற்று வாங்குவது

கேட்டவுடனே எரிச்சல் வருகிற வழி இது. எள்ளை விற்றுவிட்டுக் கடையில் எண்ணெய் வாங்குவதா என்று தோன்றும். ஆனால் கணக்குப் போட்டால் அவ்வளவு மட்டமான வழி இல்லை. ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். அதில் பெரிய பணம் கச்சாவிலேயே இருக்கிறது. சுத்திகரிப்பவனுக்குச் சாதாரண வருஷத்தில் பீப்பாய்க்குச் சில டாலர் நின்றால் அதிகம். 2020-இல் கொரோனாவால் உலகம் அடைந்து கிடந்தபோது பல ஆலைகள் நஷ்டத்தில் ஓடின, சில மூடியே போயின. நார்வே பெருமளவு கச்சாவை அப்படியே ஏற்றுமதி செய்கிற நாடு. அங்கே இருந்த இரண்டு ஆலைகளில் ஸ்லாகன் 2021-இல் மூடப்பட்டது, மாங்ஸ்டாட் மட்டும் மிச்சம். அந்த நாட்டில் யாரும் பெட்ரோலுக்கு வரிசையில் நிற்கவில்லை. கச்சா விற்ற காசு ஒழுங்காகக் கஜானாவுக்கு வந்தது, பெட்ரோல் பங்கில் உண்மையான விலையை வாங்கினார்கள். அதனால் இந்த வழி அவர்களுக்குச் சரிப்பட்டது.

நைஜீரியாவில் ஒலொய்பிரி என்ற கிராமத்தில் 1956-இல் எண்ணெய் கண்டார்கள், 1958-இல் முதல் கப்பல் போனது. 2000-களில் அந்த நாடு தனக்கு வேண்டிய பெட்ரோலில் பெரும்பகுதியை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. பங்கில் விற்கும் விலையை அரசு நிர்ணயித்தது. அது வாங்கும் விலையைவிடக் குறைவு. வித்தியாசத்தை இறக்குமதி செய்பவருக்கு அரசு மானியமாகக் கொடுத்தது.

இந்த இடத்தில்தான் நிறுத்திப் பார்க்க வேண்டும். கப்பலில் எவ்வளவு வந்தது என்று காகிதம் சொல்கிறதோ அவ்வளவுக்குக் காசு. வராத கப்பலுக்கும் காகிதம் தயாரிக்கலாம். வந்த பெட்ரோலை மலிவு விலையில் எடுத்துப் பக்கத்து நாட்டு எல்லை தாண்டி விற்கலாம். 2012-இல் அந்த நாட்டு நாடாளுமன்றக் குழு விசாரித்து, 2009 முதல் 2011 வரை சுமார் 680 கோடி டாலர் இப்படிப் பறிபோனதாக அறிக்கை கொடுத்தது. அந்தக் குழுவின் தலைவரே, ஒரு கம்பெனியைப் பட்டியலிலிருந்து நீக்க லஞ்சம் வாங்கிய வழக்கில் 2021-இல் தண்டனை பெற்றார். உள்ளூர் ஆலை ஓடாமல் இருப்பதில் இத்தனை பேருக்குப் பிழைப்பு இருந்தால், அந்த ஆலையை ஓட்ட யார் மெனக்கெடுவார்கள்?

அதே 2012 ஜனவரி 1-ஆம் தேதி மானியத்தை ஒரேயடியாக எடுத்தார்கள். 65 நைராவாக (அந்த நாட்டுக் காசு) இருந்த லிட்டர் 141-க்குப் போனது. நாடே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. இரண்டு வாரத்தில் அரசு 97-க்கு இறங்கி வந்தது. ஜனங்கள் கேட்டது நியாயம். எண்ணெய் நாட்டில் பிறந்த ஏழைக்கு அந்த எண்ணெயால் கண்ணுக்குத் தெரிந்த ஒரே பலன் மலிவு பெட்ரோல்தான். அதையும் பிடுங்கினால் அவன் தெருவுக்கு வராமல் என்ன செய்வான்?

இதற்குள் இன்னொரு உட்பிரிவும் உண்டு. கச்சாவைக் கொடுத்து அதற்கு ஈடாகப் பெட்ரோல் வாங்கும் பண்டமாற்று. நைஜீரியா பல வருஷம் இதைத்தான் செய்தது. நம் செக்கில் காசில்லாதவர் “கூலிக்குப் புண்ணாக்க வச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு எண்ணெயை மட்டும் வாங்கிப்போவார். எள்ளின் எடையும் எண்ணெயின் அளவும் கண்முன்னே நடப்பதால் அது நேர்மையான ஏற்பாடு. கடல் தாண்டி நடக்கும் பண்டமாற்றில் கச்சாவுக்கு என்ன விலை, பெட்ரோலுக்கு என்ன விலை, மற்ற சரக்கு யாருக்கு என்பதெல்லாம் ஒப்பந்தத் தாளில் மட்டும் இருக்கும். பெட்ரோலின் தரமும் நம் கையில் இல்லை. 2022 பிப்ரவரியில் மெத்தனால் கூடுதலாகக் கலந்த இறக்குமதிப் பெட்ரோல் நைஜீரியாவின் பெட்ரோல் பங்குகளுக்கு வந்து சேர்ந்தது. வண்டிகள் கெட்டன, வாரக்கணக்கில் வரிசை.

அரசு ஆலை

நைஜீரிய அரசிடம் நான்கு ஆலைகள். போர்ட் ஹார்கோர்ட்டில் 1965-இல் ஒன்று, 1989-இல் இன்னொன்று. வாரியில் 1978, கடுனாவில் 1980. நான்கும் சேர்ந்து நாளுக்கு 4,45,000 பீப்பாய் சுத்திகரிக்கும் திறன். இறக்குமதியே தேவைப்படாத அளவு என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். அவை ஏன் படுத்தன?

ஒரு எண்ணெய் நாட்டின் அரசு ஆலையில் நான் ஐந்து மாதம் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். நாலு வருஷம் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஷட்டவுன் எடுக்க வேண்டிய யூனிட்டை பதினோரு வருஷம் எடுக்காமல் ஓட்டியிருந்தார்கள். ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சரின், அதாவது சூட்டை ஒரு எண்ணெயிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவியின், மூடியைக் கழற்றினோம். உள்ளே நூற்றுக்கணக்கான குழாய்கள் தேன்கூடு மாதிரி தெரிய வேண்டும். அங்கே பாதிக்குப் பாதி குழாய்களில் ஆப்பு அடித்திருந்தது. ஓட்டை விழுந்த குழாயை மாற்றப் பணமில்லாமல் அடைத்து, அடுத்தது ஓட்டை விழுந்ததும் அதையும் அடைத்து, அப்படியே காலத்தை ஓட்டியிருக்கிறார்கள். மிச்சக் குழாய்களில் கரி பிடித்து, விளக்குமாற்றுக் குச்சிகூட நுழையவில்லை. பக்கத்தில் ஒரு பம்பு செட்டில் ஸ்பேர் பம்பை மோட்டாரோடு இணைக்கும் கப்ளிங்கே இல்லை. கேட்டால், அது இன்னொரு யூனிட்டுக்குப் போய் மூணு வருஷம் ஆகிறது என்றார்கள். நாங்கள் கேட்ட கேஸ்கெட் துறைமுகத்துக்கு வந்து நாற்பது நாள் ஒரு கையெழுத்துக்காகக் கிடந்தது.

அங்கே வேலை பார்த்த ஃபோர்மேன் கெட்டிக்காரர். சத்தத்தை வைத்தே பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். ஆள் திறமையில் குறையில்லை. ஆலை தயாரித்த பெட்ரோலை அரசு சொன்ன விலைக்கு விற்க வேண்டும். அந்த விலையில் பராமரிப்புக்குக் காசு மிஞ்சாது. காசு வேண்டுமென்றால் தலைநகரில் கோப்பு நகர வேண்டும். கூலி கொடுக்காமல் செக்கை ஓட்டச் சொன்னால் எத்தனை நாள் ஓடும்?

2007-இல் நைஜீரிய அதிபர் ஒபசாஞ்சோ பதவி முடிகிற நேரத்தில் போர்ட் ஹார்கோர்ட், கடுனா ஆலைகளின் 51 சதவீதப் பங்கை நைஜீரியத் தொழிலதிபர் டாங்கோட்டே உள்ளிட்ட கூட்டணிக்குச் சுமார் 72 கோடி டாலருக்கு விற்றார். தொழிற்சங்கங்கள் கொதித்தன. அடுத்து வந்த அதிபர் யாரதுவாவின் காலத்தில் விற்பனை ரத்தானது. ஆலைகள் அரசிடமே திரும்பின, அரசிடமே மேலும் துருப்பிடித்தன. 2021-இல் போர்ட் ஹார்கோர்ட்டைச் செப்பனிட 150 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2024 நவம்பரில் ஓடத் தொடங்கியதாக அறிவித்தார்கள். 2025 மே மாதம் பராமரிப்புக்கென்று திரும்ப நிறுத்தினார்கள்.

இதற்காக அரசு ஆலை என்றாலே உருப்படாது என்று சொல்லமாட்டேன். நம் நாட்டிலேயே எதிர் உதாரணம் இருக்கிறது. அஸ்ஸாமில் 1901 முதல் திக்பாய் ஆலை ஓடுகிறது. 1953-இல் நாஹர்கட்டியாவில் பெரிய ஊற்று கிடைத்ததும், கச்சாவைப் பீகாரின் பரௌனிக்குக் கொண்டுபோய் சுத்திகரிக்க டெல்லி திட்டம் போட்டது. அஸ்ஸாம் மக்கள் தெருவில் இறங்கினார்கள். பலன், 1962-இல் குவாஹாட்டி நூன்மாட்டியில் ஒரு ஆலை. பரௌனியும் 1964-இல் வந்தது. 1980 வாக்கில் “ரத்தம் தருவோம், எண்ணெய் தரமாட்டோம்” என்ற முழக்கம் அங்கே எழுந்தது. 1985 அஸ்ஸாம் ஒப்பந்தத்திலேயே ஒரு ஆலை வாக்குறுதியாக எழுதப்பட்டு, நுமாலிகரில் எழுந்தது. 2019-இல் அதன் தாய் நிறுவனத்தைத் தனியாருக்கு விற்க முடிவானபோதுகூட, நுமாலிகரைத் தனியே பிரித்து அரசுத் துறையிலேயே வைத்தார்கள். கணக்குப் பிள்ளை பார்த்தால் சின்ன ஆலை, கடலிலிருந்து தூரம், செலவு கூடுதல் என்பார். ஆனால் ஒரு மாநிலம் தன் மண்ணின் பொருளுக்குத் தன் ஊரில் வேலை கேட்பதும் ஒரு கணக்குதான். மத்திய அரசு வரிச்சலுகை கொடுத்து அந்தச் செலவை ஏற்றது. கூலியை யாரோ ஒருவர் வெளிப்படையாகக் கொடுத்தார், அதனால் செக்கு ஓடியது.

மெக்சிகோ 1938-இல் வெளிநாட்டுக் கம்பெனிகளைத் தேசியமயமாக்கிய நாடு. அங்கே தோஸ் போகாஸ் என்ற இடத்தில் 3,40,000 பீப்பாய் ஆலையை 800 கோடி டாலரில் கட்டுவதாகச் சொல்லி, செலவு இரட்டிப்புக்கும் மேல் போனது. 2022 ஜூலையில் திறப்பு விழா நடந்தும், எரிபொருள் உருப்படியாக வெளிவர மேலும் இரண்டு வருஷம் ஆனது. திறப்பு விழா தேதியை அரசியல் தீர்மானிக்கும். ஃபர்னஸில் முதல் தீ வைக்கும் தேதியை வெல்டிங்குதான் தீர்மானிக்கும்.

சிரியத்தில் ஆலை இருந்தது

என் அம்மாவைப் பெற்ற தாத்தா ரங்கூனுக்கு எதிர்க்கரையில் சிரியத்தில், பர்மா ஆயில் கம்பெனி ஆலையில் பாய்லர் கூலியாக இருந்தவர். காரைக்குடியிலிருந்து வட்டிக்கடைக்குப் போனவர்கள் மொகல் தெருவில் இருந்தார்கள். கூலிக்குப் போன எங்கள் ஆட்கள் தெலுங்கர்களோடு சேர்ந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம். யேனாங்யாங் வயல்களில் எடுத்த கச்சா 1908 முதல் நீளமான குழாய் வழியே சிரியத்துக்கு வந்தது. மண்ணெண்ணெய் ஆனது. மெழுகுச் சத்து அதிகமான கச்சா அது, மெழுகுவர்த்தியும் அங்கேயே செய்தார்கள். எங்கள் வீட்டுப் பரணில் உப்புப் போட்டு வைக்கும் சதுரத் தகர டின் அந்தக் காலத்து மண்ணெண்ணெய் டின். அடியில் துரு தின்றாலும் அம்மா தூக்கிப்போட விட்டதில்லை.

உள்நாட்டில் சுத்திகரித்தால் நாடு செழிக்கும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த டின் ஞாபகம் வரும். பர்மாவில் ஆலை உள்நாட்டில்தான் இருந்தது. முதலாளி கிளாஸ்கோவில். கூலிக்கு ஆள் இந்தியாவிலிருந்து. பர்மியக் கிணற்றுத் தொழிலாளர்கள் 1938-இல் யேனாங்யாங், சௌக் வயல்களில் வேலைநிறுத்தம் செய்து ரங்கூன் வரை நடந்தே வந்தார்கள். அந்தக் கம்பெனியின் முதலீட்டில்தான் 1909-இல் ஆங்கிலோ பாரசீக கம்பெனி பிறந்து, 1912-இல் ஈரானின் அபதானில் ஆலை எழுந்தது. அந்த அபதான் உலகத்திலேயே பெரிய ஆலையாக வளர்ந்தது. 1951-இல் ஈரான் அதைத் தேசியமயமாக்கியபோது பிரிட்டிஷ் ஆட்கள் வெளியேறினார்கள், ஈரான் எண்ணெயை வாங்க விடாமல் தடுத்தார்கள், 1953-இல் ஆட்சியையே கவிழ்த்தார்கள். சிரியம் ஆலையை 1942 மார்ச்சில், ஜப்பான் படை நெருங்கியதும், பிரிட்டிஷாரே தகர்த்தார்கள். தாத்தா அரக்கான் மலை வழியாக நடந்து வந்து சேர்ந்தவர். அந்தப் புகையை மூன்று நாள் முதுகுப் பக்கம் பார்த்துக்கொண்டே நடந்ததாகச் சொல்வார்.

ஆலை எந்த ஊரில் நிற்கிறது என்பதைவிட, அதன் கணக்கு எந்த ஊரில் எழுதப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். 1960-இல் இந்தியாவுக்கும் இதே பாடம் கிடைத்தது. மலிவாகக் கிடைத்த சோவியத் கச்சாவைச் சுத்திகரித்துத் தர முடியாது என்று இங்கே ஆலை வைத்திருந்த மேற்கத்தியக் கம்பெனிகள் கைவிரித்துவிட்டன. அதன் பிறகுதான் டெல்லி பொதுத்துறை ஆலைகளில் இன்னும் பிடிவாதமாக இறங்கியது.

ஒரே ஒரு பெரிய தனியார்

லெக்கி கடற்கரையில் டாங்கோட்டே ஆலை நாளுக்கு 6,50,000 பீப்பாய் சுத்திகரிக்கும். கச்சாவைக் காய்ச்சிப் பிரிக்கும் ஒரே வடிகோபுர வரிசையில் இவ்வளவு என்பது உலகத்திலேயே பெரிது. 2013-இல் 900 கோடி டாலர் என்று அறிவித்து, சுமார் 2,000 கோடி டாலரில் முடிந்தது. நம் நாட்டு எஞ்சினியர்ஸ் இந்தியா நிறுவனம்தான் திட்ட மேலாண்மை. கட்டுமான வேலைக்கு நம் ஆட்கள் நிறையப் பேர் போனார்கள். 2023 மே 22-இல் திறப்பு, 2024 ஜனவரியில் டீசல், செப்டம்பரில் பெட்ரோல்.

சாதனை சாதனைதான். நாலு அரசு ஆலைகள் முப்பது வருஷத்தில் செய்யாததை ஒரு ஆலை செய்தது. ஆனால் எள்ளு யார் போடுவது என்ற கேள்வி இங்கேதான் கழுத்தைப் பிடித்தது. நைஜீரியாவின் கையில் விற்கக் கச்சா போதவில்லை. திருட்டு ஒரு பக்கம். வருங்காலக் கச்சாவை அடகு வைத்து வாங்கிய கடன் இன்னொரு பக்கம். 2023-இல் மட்டும் 330 கோடி டாலர் அப்படி வாங்கினார்கள். பர்மாவில் அறுப்புக்கு முன்பே கடனுக்கு எழுதிக் கொடுத்த நெல்லைப் பற்றிச் செட்டிநாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. களத்தில் நெல் குவிந்து கிடக்கும், உழுதவன் வீட்டில் அடுப்பு எரியாது. நைஜீரிய மண்ணில் நிற்கும் ஆலைக்கு அமெரிக்காவிலிருந்து கச்சா கப்பல் வந்தது இப்படித்தான். 2024 அக்டோபரில் உள்ளூர்க் கச்சாவை நைராவிலேயே விற்க அரசு ஏற்பாடு செய்தது, அதுவும் நின்று நின்றுதான் நடந்தது. அரசு நிறுவனம் 20 சதவீதப் பங்கு எடுப்பதாகச் சொல்லிக் கடைசியில் 7.2 சதவீதத்தோடு நின்றது.

அடுத்த ஆபத்து ஒற்றைக் கடை. ஊரில் ஒரே செக்கு என்றால் கூலி அவர் சொன்னதுதான். 2024-இல் அந்த ஆலை, மற்றவர்களுக்குக் கொடுத்த இறக்குமதி உரிமங்களை ரத்து செய்யக் கோரி நீதிமன்றம் போனது. 2025-இல் வழக்கை வாபஸ் வாங்கியது. அதே 2025 செப்டம்பரில் 800-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை வேலையை விட்டு எடுத்த விவகாரத்தில் எண்ணெய்த் துறைச் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்து, நாடு முழுவதும் எரிவாயுவும் மின்சாரமும் ஆட்டம் கண்டன. ஒரே கோபுரத்தில் நாட்டையே தொங்கவிட்டால் ஒரு சச்சரவு போதும். தொழில்முறையிலும் சொல்கிறேன்: ஒற்றை வரிசை ஆலையில் வடிகோபுரம் நின்றால் எல்லாமே நிற்கும். ஷட்டவுன் எடுக்கிற மாதங்களில் நாடு எங்கே போகும்? இறக்குமதி வாசல் திறந்திருந்தால்தான் வழி.

அந்த வாசல் திறந்திருந்ததில் நன்மை உண்டானதையும் பார்த்தோம். 2023 மே 29-இல் புதிய அதிபர் டினுபு பதவியேற்ற மேடையிலேயே மானியம் போய்விட்டது என்றார். 200-க்குக் கீழே இருந்த லிட்டர் 500-ஐத் தாண்டி, பிறகு 1,000-ஐத் தொட்டது. வேலைக்குப் பத்து கிலோமீட்டர் நடந்து வருகிறவர்களை மருமகன் தினமும் பார்த்திருக்கிறான். ஆனால் 2025-இல் ஆலையும் இறக்குமதிக்காரர்களும் போட்டி போட்டபோது விலை பலமுறை இறங்கியது.

சின்ன ஆலைகள், பக்கத்து வீட்டு ஆலைகள்

நைஜர் டெல்டா சதுப்பு நிலத்தில் திருட்டுக் கச்சாவை டிரம்மில் காய்ச்சி டீசல் வடிக்கிறார்கள். போர்ட் ஹார்கோர்ட்டில் வெள்ளை வேட்டி ஒரு நாளில் கறுத்துவிடும், அவ்வளவு கரி. 2022 ஏப்ரலில் இமோ மாநிலத்தில் அப்படி ஒரு இடம் வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். எள்ளு காய்வது எண்ணெய்க்காக, எலிப்புழுக்கை எதற்குக் காய்ந்தது என்று நம் பக்கம் கேட்போமே, எண்ணெய் எடுக்கும் கிராமங்களின் நிலை அதுதான். இதை ஒரு வழியாக நான் எண்ணவில்லை. வேறு வழி அடைத்ததால் வந்தது.

முறையான சின்ன ஆலைக்கு இடம் உண்டு, ஒரு நிபந்தனையோடு: நாடு கடலிலிருந்து தூரத்தில் இருக்க வேண்டும். நைஜர் நாட்டில் ஜிந்தர் அருகே 2011-இல் சீனக் கம்பெனி 60, அரசு 40 என்ற பங்கில் 20,000 பீப்பாய் ஆலை வந்தது. உகாண்டாவில் அதிபர் முசெவெனி ஆலை இல்லாமல் கச்சா போகக் கூடாது என்று வருஷக்கணக்காகப் பிடிவாதம் பிடித்தார். கம்பெனிகள் குழாய்தான் வேண்டும் என்றன. கடைசியில் தான்சானியாவின் டாங்கா துறைமுகம் வரை 1,443 கிலோமீட்டர் குழாயும், ஹோய்மாவில் 60,000 பீப்பாய் ஆலையும் என்று முடிவானது. அவர் பிடிவாதத்தில் அர்த்தம் இருக்கிறது. துறைமுகத்திலிருந்து லாரியில் டீசல் வந்து சேரும் வாடகை எவ்வளவோ, அவ்வளவு லாபம் உள்ளூர் ஆலைக்குத் தானாகக் கிடைக்கும். கடலோர நாட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது.

நமக்குப் பக்கத்திலேயே பாடம் உண்டு. நரிமணம் கச்சாவை நம்பி 1993-இல் நாகப்பட்டினம் பனங்குடியில் வருஷத்துக்கு 5 லட்சம் டன் ஆலை கட்டினார்கள். இப்போது அதே இடத்தில் திட்டமிடுவது 90 லட்சம் டன். அதற்குக் கச்சா கடல் வழியாகத்தான் வர வேண்டும். உள்ளூர் ஊற்றை நம்பிக் கட்டும் ஆலைக்கு ஊற்றின் ஆயுசுதான் ஆயுசு.

வெளிநாட்டு ஆலையில் பங்கு வாங்கும் வழியும் ஒன்று உண்டு. நான் தொழில் பழகிய மணலி ஆலையை 1960-களில் தொடங்கியபோது இந்திய அரசோடு அமெரிக்க அமாகோவும் ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனமும் பங்குதாரர்கள். ஈரானுக்குத் தன் கச்சாவை விற்க ஒரு நிலையான வாசல். டெக்ஸாஸின் டீர் பார்க் ஆலையில் பாதிப் பங்கு வைத்திருந்த மெக்சிகோ 2022-இல் மீதிப் பாதியையும் வாங்கியது, தன் ஊரில் கட்டியதைவிட மிகக் குறைந்த காசில். ஆனால் வெனிசுவேலாவின் சுத்திகரிப்புக் கம்பெனியான சிட்கோ அமெரிக்காவில் இருந்ததால் 2019-க்குப் பிறகு அதன் கைப்பிடியே போனது. நட்பு இருக்கும்வரை நல்ல வழி.

என் முடிவு

இந்தத் தொழிலில் கையைக் கறுப்பாக்கியவன் என்ற முறையில் என் வரிசை இது. கடலோரத்தில் இருக்கிற, ஜனத்தொகை பெரிதான எண்ணெய் நாடு உள்நாட்டில் சுத்திகரிக்க வேண்டும் என்றே சொல்வேன். டாலர் மிச்சம், வேலை, எல்பிஜியும் நாப்தாவும் தாரும் கந்தகமும் நாட்டிலேயே தங்கும். புண்ணாக்குதான் மாட்டை வளர்க்கிறது. ஆனால் ஆலைக்கு முன்னால் விலை. பெட்ரோல் பங்கில் உண்மை விலை வராதவரை எந்த ஆலை கட்டினாலும் அது ஆப்பு அடித்த எக்ஸ்சேஞ்சராகத்தான் முடியும். அந்த விலையை ஒரே இரவில் ஏற்றக் கூடாது. முதலில் பஸ், பிறகு ஏழைக் குடும்பத்தின் கையில் காசு, அதற்குப் பிறகு படிப்படியாக விலை. 2012-இலும் 2023-இலும் இந்த வரிசை தலைகீழாக நடந்தது.

அடுத்து, கச்சாவில் ஒரு பங்கை உள்ளூர் ஆலைகளுக்குச் சந்தை விலையில், உள்ளூர் நாணயத்தில் என்று சட்டத்தில் எழுத வேண்டும். அந்தப் பங்கை எந்தக் கடனுக்கும் அடகு வைக்க முடியாதபடி எழுத வேண்டும். பழைய அரசு ஆலைகளை ஒரே ஆளுக்கு விற்கக் கூடாது. பெரும்பங்கை வெவ்வேறு கைகளுக்குக் கொடுத்து, அரசு சிறுபங்கோடு நிற்கலாம். துறைமுகத் தொட்டிகளும் குழாய்களும் எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும். 2007 விற்பனையை எதிர்த்த தொழிற்சங்கங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. பதவி முடிகிற கடைசி நாட்களில் அவசரமாக நடந்த விற்பனை அது, சந்தேகப்பட்டதில் தப்பில்லை. ஆனாலும் அடுத்த பதினைந்து வருஷம் அந்த ஆலைகளுக்கு நேர்ந்ததைப் பார்க்கும்போது, வெளிப்படையாக ஏலம் விட்டு விற்றிருக்கலாம் என்றே மனது அடித்துக்கொள்கிறது. அரசே வைத்துக்கொள்வதாக இருந்தால் பராமரிப்புப் பணத்தை மந்திரி தொட முடியாத தனிக் கணக்கில் போடட்டும். அதுவும் முடியாத நாடு நார்வே வழியில் கச்சாவை நேர்மையாக விற்று, பெட்ரோலைப் போட்டி டெண்டரில் வாங்கட்டும். பண்டமாற்று மட்டும் வேண்டாம்.

மருமகன் வைகாசியில் லேகோஸ் திரும்பினான். கிளம்பும்போது அவன் அம்மா இரண்டு லிட்டர் நல்லெண்ணெயைக் கட்டிக் கொடுத்தாள். அங்கே போனதும் கச்சா தொட்டியில் எத்தனை நாளைக்குச் சரக்கு நிற்கிறது, கடைசியாக வந்த கப்பல் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கேட்டுச் சொல்லடா என்றேன். போன வாரம் போன் பண்ணினான்.

“கேட்டேன் மாமா. இந்தத் தடவ கச்சா நம்ம ஊர்க் கச்சாவாம்.”

நைஜீரியாவை அவன் ‘நம்ம ஊரு’ என்று சொன்னதைக் கவனித்தேன். திருத்தவில்லை. எத்தனை நாளைக்கு நிற்கும் என்று கேட்டேன். அதை நாளைக்குப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான்.